போணி ஆவட்டும் சாமி

காலையில் முதல் வியாபாரம் முடியும்வரை எங்கள் கடையிலிருந்து ஒரு கைத்துண்டுகூட வெளியே போகாது. அந்த முதல் வியாபாரத்துக்குத்தான் போணி என்று பெயர். வந்தவர் கையிலிருந்து காசு என் மாமனார் கைக்கு வர வேண்டும். அவர் அதைக் கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்குக் காட்டி, கல்லாவில் போட வேண்டும். அதுவரை கடன் கிடையாது, எடுத்த சேலையை மாற்றித் தருவதும் கிடையாது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருக்கும் யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. முதல் காசுக்கு மரியாதை செய்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

என் ஆட்சேபமெல்லாம் இதை ஒட்டி வந்த இன்னொரு சட்டத்தில்தான். போணி ஆகும்வரை நான் கடையின் முன்பக்கம் தலைகாட்டக்கூடாது. என் கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் நான் பட்டால் அன்றைய வியாபாரம் படுத்துவிடுமாம். இப்படி யாரும் என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. "முன்னாடி நிக்காத சாமி, போணி ஆவட்டும்" என்று மாமா ஒரு நாள் வெண்ணெயாகச் சொன்னார், அவ்வளவுதான். கத்தியிருந்தாலாவது நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். செல்லமாகக் கூப்பிட்ட அந்தச் 'சாமி'தான் என் வாயைக் கட்டிப் போட்டது. அன்றிலிருந்து பின்சந்தில் சாக்கடையைத் தாண்டி, குடோன் கதவு வழியாகத்தான் கடைக்குள் போனேன். சொந்தக் கடைக்குத் திருட்டுப் பூனை மாதிரி போய்வந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஜலகண்டாபுரத்தில் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள். சேலையின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்தால் நூல் எண்பதாம் நம்பரா நூறா என்று சொல்லிவிடுவேன். என் கணவர் இருந்தவரை கொள்முதலுக்கு என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார். அவர் போன மறுமாதமே என் கைக்குத் துணி மடிக்கிற வேலை மட்டும் மிஞ்சியது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பல நாள் ஒன்பது மணியிலிருந்து பத்தரை, சில நாள் பதினொன்று வரைக்கும் என்னைக் குடோனுக்குள் உட்கார வைத்ததால்தான் இந்தக் கதையே நடந்தது. அங்கே கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னல் உண்டு. காலை வெயில் அதன் வழியாக நேராகச் சேலை அடுக்கின் மேல் விழும். சும்மா உட்கார முடியாமல் ஒரு நாள் அந்த வெயிலில் ஒரு காட்டன் சேலையை விரித்து, போனில் படம் எடுத்து, ஸ்டேட்டஸில் விலையோடு போட்டேன். மதியத்துக்குள் மூன்று பேர் கேட்டார்கள். அடுத்த வாரம் வீடியோ. முகத்தைக் காட்டவில்லை, சேலையை விரித்து முந்தியைக் காட்டி மடிக்கிற என் இரண்டு கை மட்டும்தான் தெரியும். நூலைப் பற்றி, சாயத்தைப் பற்றி, எதைத் துவைத்தால் சுருங்கும் என்பதைப் பற்றி உள்ளதை உள்ளபடி பேசினேன். ஆறு மாதத்தில் விடிவதற்கு முன்பே போன் கூப்பிட ஆரம்பித்தது. பல்லைத் தேய்த்துக்கொண்டே ஆர்டர் எழுதுவேன். பணம் கடைக் கணக்குக்கே போகும்.

ஒரு பெண் எனக்குப் போனில் பேசி அனுப்பியிருந்தாள்: "அக்கா, போன தடவை நீங்க எடுத்துக் குடுத்த சேலையைக் கட்டிட்டுப் போனேன், வேலை கிடைச்சிருச்சு. ராசியான கை உங்களுக்கு. இந்தத் தடவையும் உங்க கையாலயே எடுத்து அனுப்புங்க." குடோனில் தனியாக உட்கார்ந்து இதைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நிற்காமல் அழுகையில் போய் முடிந்தது.

மாமா போனைத் தொடாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். போணிக்குக் காத்திருக்கிற அந்த ஒன்றரை மணி நேரமும் கல்லாவில் உட்கார்ந்து போனில் வீடியோதான் பார்ப்பார். வடக்கே எங்கேயோ ஒரு கடைக்காரன் வீடியோவிலேயே மூட்டை மூட்டையாய்ச் சேலை விற்பதைப் பார்த்துவிட்டு, "இவனல்லவா யாவாரி!" என்று சிலாகிப்பார். நான்கடி தள்ளி, குடோனுக்குள், அவர் மருமகள் அதையேதான் செய்துகொண்டிருப்பாள். நான் கட்டி வைத்த பார்சல்கள் காலுக்கடியில் கிடக்கும். பணம் வருவதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. பார்சல் போவதற்குத்தான் போணி ஆக வேண்டும்.

கூரியர்காரர் காலை ஒன்பதே முக்காலுக்கு ஒரு தடவைதான் வருவார். பத்து மணிக்கு மேல் எங்கள் தெருவில் மூட்டை வண்டியும் ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் சேர்ந்துகொண்டால் நடந்து போகிறவனே திண்டாடுவான், அவர் வண்டி எங்கே நுழைவது? பின்சந்துக்கு வந்து ஹாரன் அடிப்பார். அதற்குள் போணி ஆன நாளில் மூட்டை ஏறும், ஆகாத நாளில் "இன்னும் ஆவலீங்கண்ணா" என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். இப்படி என் பார்சல் ஒவ்வொன்றும் ஒரு நாள், இரண்டு நாள் பின்தங்கியது. கேட்டவர்களிடம் மழை என்றேன், வண்டி பஞ்சர் என்றேன். போணி ஆகவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

கடைசியில் அது என் தலையிலேயே விடிந்தது. திண்டுக்கல்லில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பதினைந்து சேலை. அனுப்ப வேண்டிய இரண்டு நாளும் மழை, பதினொன்றரை வரை கடைக்கு ஈ காக்கை வரவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் பார்சல் போய்ச் சேர்ந்தது. பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். அந்த அம்மா திட்டக்கூட இல்லை. "உன்னை நம்புனேன்மா" என்று மட்டும் பேசி அனுப்பியிருந்தார். பத்து தடவை அதைக் கேட்டேன். அவருடைய மகள் என் வீடியோவுக்குக் கீழேயே நடந்ததை நாலு பேர் பார்க்க எழுதிவிட்டாள். எழுதட்டும், அவள் எழுதியதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

திரும்பி வந்த மூட்டையைப் பார்த்து மாமா சொன்னார்: "இதுக்குத்தான் சாமி சொல்றது. போன்ல வந்த யாவாரம் நிக்காது. இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா இதோட ஊத்தி மூடிரோணும். நீ பாட்டுக்கு ஊட்டுல இரு. உன்னைய நான் பாத்துக்க மாட்டனா?"

பார்சலைப் பிடித்து வைத்தவர் அவர், கெட்ட பெயர் போனுக்கு. நான் வீட்டில் உட்கார வேண்டுமாம், அவர் பார்த்துக்கொள்வாராம்! அன்று நான் சாப்பிடவே இல்லை.

அடுத்த வாரமே நாகர்கோவிலிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பெண்ணின் தோழிகளுக்கும் சொந்தக்காரப் பெண்களுக்கும் ஒரே நிறத்தில் இருபத்தெட்டுச் சேலை. வியாழக்கிழமை காலை வண்டியைப் பிடித்தால் சனிக்கிழமை போய்ச் சேரும், தவறினால் திண்டுக்கல் கதைதான். அத்தோடு என் போனுக்கும் பூட்டு.

போயும் போயும் வியாழக்கிழமை. கெங்கவல்லியில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் வியாழன்தோறும் பஸ் பிடித்து வந்து எங்கள் கடையில் போணி செய்வார். அவர் கை அப்படியொரு ராசியாம், வாரம் பூரா கல்லா நிறையுமாம். அவர் பத்தரைக்கு வருகிறவரை வேறு யார் வந்து நின்றாலும் "டீ குடிச்சுட்டு வாங்க" என்று மாமா அனுப்பிவிடுவார். ஆக, வியாழன் ஒன்பதே முக்காலுக்கு என் மூட்டை நகராது. இது மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

புதன்கிழமை சாயங்காலம் மூட்டையைக் கட்டி முடித்துவிட்டு, பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டேன். "அம்மா, பணத்தை இப்போ அனுப்ப வேண்டாம். நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு நான் மிஸ்டு கால் தருவேன். அப்போ அனுப்புங்க" என்றேன். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "நீ சொல்லுக நேரத்துக்கு அனுப்புகேன் மக்ளே" என்றார்.

எங்கள் கல்லாவில், போன் வழியாகப் பணம் வந்தால் எவ்வளவு என்று சத்தமாகச் சொல்லுகிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு. எல்லாக் கடையிலும் இருப்பதுதான். ஆனால் மாமா அதைப் போணி ஆன பிறகுதான் போடுவார். முதல் காசு கைக்கு வர வேண்டும், காற்றில் வரக்கூடாது என்பது அவர் கட்சி.

வியாழன் காலை அவர் ஷட்டரைத் தூக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்குச் சூடம் ஏற்றத் திரும்பினார். நான் குடோனிலிருந்து முன்பக்கம் வந்து, அந்தப் பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். மிஸ்டு கால் கொடுத்தேன். நெஞ்சு தறி மாதிரி அடித்துக்கொண்டது. சூடம் எரிந்துகொண்டிருக்கும்போதே பெட்டி பேசியது: "பதினெட்டாயிரத்து இருநூறு ரூபாய் பெறப்பட்டது."

மாமா தட்டோடு திரும்பினார். "ஆரு அதைப் போட்டது?"

"நாந்தானுங்க மாமா."

"போணி ஆவறதுக்குள்ள உனக்கென்ன முன்னாடி வேல?"

"போணி ஆயிருச்சுங்க. இப்பத்தானே சொல்லுச்சு."

"அதெல்லாம் காசா? காத்துல வந்தது."

"போன மாசம் ஊட்டுக்கு மோட்டார் வாங்குனீங்களே, அது காத்துல வந்த காசுலதானுங்க. தண்ணி வருதுங்களா இல்லைங்களா?"

அவர் முகம் சிவந்தது. இருந்தாலும் வாயை மூடவில்லை. நான்கு வருடம் மூடியிருந்தது போதாதா? "மாமா, ரெண்டு வருசமா நீங்க ஷட்டரைத் தூக்கறதுக்கு முன்னாடியே இந்தக் கடைக்குத் தினமும் போணி ஆயிட்டுத்தான் இருக்குதுங்க. அஞ்சரைக்கு, ஆறுக்கு, நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி. எல்லாம் என் கையில. புருசன் போனவ கையில. கடை கெட்டா போச்சு? சொல்லுங்க!"

மாமா போனை எடுத்துக் கெங்கவல்லிக்காரரைக் கூப்பிட்டார். "ஏனுங்க, எங்க வாரீங்க? சீக்கிரம் வாங்க" என்றார். காது சற்று மந்தம் என்பதால் மாமா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அந்தக் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"நான் இன்னைக்கு வரலைங்களே. முட்டி வலி, பஸ் ஏற முடியல. சரக்கைத்தான் உங்க மருமவகிட்ட நேத்தே சொல்லிட்டேனே?"

"மருமவகிட்டயா?"

"ஆமா, ஆறு மாசமா போன்ல பாத்துதான் எடுக்கிறேன். அந்தப் பொண்ணு நல்லது கெட்டது சொல்லுது, நமக்கு வசதியா இருக்குது. வியாழக்கிழமை வர்றதெல்லாம் உங்களைப் பாக்கத்தாங்க. ஒரு துண்டு வாங்கி போணி பண்ணா உங்களுக்கு ஒரு சந்தோசம்னுதான்."

மாமா போனை வைத்துவிட்டுக் கல்லா நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறு மாதமாக வியாழன்தோறும் ஒரே ஒரு துண்டு, அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாரம் பூரா ஓடும் என்று நம்பியிருக்கிறார். எனக்கு இது முன்பே தெரியும். அவர் மனசு நோகும் என்று சொல்லாமல் இருந்தேன். என் மனசைப் பற்றி இந்த மனிதர் ஒரு நாளாவது அப்படி யோசித்தாரா?

ஒன்பதே முக்காலுக்குப் பின்சந்தில் ஹாரன் கேட்டது. குடோன் கதவைத் திறந்து, "அண்ணா, முன்னாடி வாங்க" என்றேன். கூரியர்காரர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடையின் நடுவே வந்தேன். நாற்காலிக்கும் அலமாரிக்கும் நடுவில் மாமா கால் நீட்டியிருந்தார்.

"காலை நகத்துங்க மாமா."

நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்வையை இறக்கவில்லை. மூட்டை கனத்தில் தோள் விண்டுவிடும்போல இருந்தது. மெதுவாகக் காலை மடக்கிக்கொண்டார். நான்கு வருடத்துக்குப் பிறகு, போணி நேரத்தில், முன்வாசல் வழியாக வெளியே போனேன். எதிர்க்கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பார்க்கட்டும், கண் இருக்கிறது பார்க்கிறார்.

சேலைகள் சனிக்கிழமை போய்ச் சேர்ந்தன. ஞாயிறு மதியம் வந்த படத்தை ஸ்டேட்டஸில் போட்டேன். ஒரே கிளிப்பச்சையில் இருபத்தெட்டுப் பெண்கள், நடுவில் மணப்பெண். மாமா என்னிடம் படத்தைக் கேட்கவில்லை. ஆனால் திங்கள்கிழமை அவர் போனில் அதைப் பெரிதாக்கி ஒவ்வொரு முந்தியாகப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

மன்னிப்பு, மறுபேச்சு எதுவும் எங்களுக்குள் நடக்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஷட்டரைத் தூக்கிச் சூடம் ஏற்றியதும் என் பக்கம் திரும்பாமலே கேட்கிறார்: "பொட்டி பேசிருச்சா?"

"பேசிருச்சுங்க மாமா" என்று கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து சொல்வேன். பார்சல்கள் ஒன்பதே முக்காலுக்கு முன்வாசலில் ஏறும்.

போன வாரம் ஒரு நாள் பெட்டி பேசவில்லை. ஒன்பதரை வரை ஓர் ஆர்டரும் இல்லை. மாமா என்னைப் பார்த்தார், குடோன் கதவைப் பார்த்தார். "இன்னிக்குப் பேசலீங்க மாமா" என்று சொல்லிவிட்டு, என் நாற்காலியை இழுத்து வாசலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன்.