கருகிய கத்திரியும் சாமுண்டீஸ்வரியும்

சாமுண்டீஸ்வரிக்குத் தன் நிழல்மேலேயே நம்பிக்கை கிடையாது. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். அதோடு விடாமல், பக்கத்தில் நிற்பவளையும் பார்க்கச் சொல்வாள். சிங்கவரத்திலிருந்து பஸ் ஏறி, செஞ்சியில் எங்கள் பள்ளிக்கு வந்து சத்துணவு சமைக்கிறவள். பிள்ளைகளுக்குப் போடும் முன்னால் ஆசிரியர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. அந்தப் பொறுப்பு என்னுடையது. தினமும் தட்டை நீட்டும்போதே, "இன்னா, விஷம் வெச்சிடுவனா டீச்சர்?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாப்பாட்டை மட்டும் குறை சொல்ல முடியாது.

இந்த வருஷம் சமையல் கூடத்துக்குப் பின்னால் பிள்ளைகள் வைத்த கத்திரிச் செடிகள் இலையோரம் கருகிச் செத்தன. மறுபடி நட்டோம். மறுபடி செத்தன. தலைமை ஆசிரியர் ஆனந்தராஜ் அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"முட்டை அவிச்ச தண்ணிய சுடச்சுட ஊத்துறீங்களாமே? பசங்க தோட்டம்மா அது. இப்படியே போனா வேற ஆள் கேட்டு எழுதிடுவேன்."

"ஆற வெச்சுதான் ஊத்துறேன் சார். முட்டைத் தண்ணி செடிக்குச் சத்து. எல்லாம் அந்த ராஜாராம் பண்ற வேலை."

ராஜாராம், பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் வேர்க்கடலை போட்டிருப்பவர். களைக்கொல்லி அடிப்பார். அதைச் சுவருக்கு இந்தப் பக்கமும் அடிக்கிறார் என்பது இவள் கட்சி. "ஊர அடிச்சு உலையில போடுற ஆளு அது," என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னாள். வேலை போனால் மகள் கலைவாணியின் நர்சிங் படிப்பு பாதியில் நின்றுவிடும். அந்தப் பயம் எனக்கும் தெரியும். ஆனாலும் பொறுக்கவில்லை.

"ஆதாரம் இருக்கா? கையும் களவுமா புடிச்சிட்டு வந்து பேசுங்க," என்றேன்.

அது சுருக்கென்று தைத்துவிட்டது போல. இரண்டு எண்ணெய் டின்னில் வயல் மண் போட்டு, டின்னுக்கொரு கத்திரி நாற்று நட்டு, சுவரிலிருந்து தள்ளி சமையல் கூட ஜன்னலில் வைத்தாள். ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீர், ஒன்றுக்கு முட்டைத் தண்ணீர். இரண்டும் பிழைத்தால் ராஜாராம்தான் குற்றவாளி. கணக்கு சரிதான் என்று எனக்கும் பட்டது.

முட்டைத் தண்ணீர் குடித்த நாற்று மட்டும் கருகியது.

"டீச்சர், நேத்து கடைசியா பூட்டினது நீங்கதான?" என்று என்னையே கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று அவளோடு பேசவே இல்லை.

திரும்பவும் புது நாற்று, புது மண். இந்த முறை டின்களை வீட்டுக்கே கொண்டு போனாள். முட்டைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போவாள். ஜன்னலோரம் வைத்துவிட்டு, பெற்ற மகளைக்கூடக் கிட்டே விடவில்லையாம்.

ஒரு நாள் காலை டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். முட்டைத் தண்ணீர் ஊற்றிய செடி செத்திருந்தது. மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து, கையோடு கொண்டுவந்த தட்டில் வைத்து, சாப்பாட்டை நீட்டுவது மாதிரியே என்னிடம் நீட்டினாள்.

"ருசி பாருங்க டீச்சர்."

மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். ஒரே உப்பு.

"ஓடு வெடிக்காம இருக்கணும்னு முட்டை அவிக்கும்போது கைநிறைய உப்ப அள்ளிப் போடுறேன் சார். சத்துன்னு நெனச்சி அதத்தான் ஊத்திக்கினு வந்தேன். ராஜாராம் இல்ல. நான்தான்."

வருகிற வழியில் அந்த டின்னை ஏரியில் வீசியிருந்தால் யாருக்குத் தெரியும்? பழி ராஜாராம் தலையிலேயே கிடந்திருக்கும்.

ஆனந்தராஜ் சார் டின்னை வாங்கி ஓரமாக வைத்தார்.

"சரி விடுங்கம்மா. இனிமே அந்தத் தண்ணிய கால்வாயில ஊத்துங்க. வேற ஆளெல்லாம் கேக்க மாட்டேன்."

அவள் நகரவில்லை. அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அத எழுதிக் குடுங்க சார்," என்றாள்.