மே மாதத்து வெள்ளம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஆந்திராவின் சித்தூரில், என் வீட்டு ஹாலில், என்னைவிட இருபது வயது சின்னவளான ஒரு பெண்மணியின் எதிரில் நான் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். பக்கத்தில் என் மனைவி சரோஜா. கையில் காபி டம்ளர். முகத்தில் சிரிப்பு வேறு!

தப்பாக நினைக்காதீர்கள். விவகாரம், தறிக்கு நூல் சுற்றுகிற ஒரு பாபின் பற்றியது.

'ஜியோகேச்சிங்' என்று எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு என் பைத்தியங்கள் பழக்கம்தான், ஆனால் இதை மட்டும் இதுவரை சொன்னதில்லை. ஒருவர் எங்காவது ஒரு சின்ன டப்பாவை ஒளித்து வைப்பார். அது இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் கணக்கில் இணையத்தில் போடுவார். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு? ஒரு மண்ணும் கிடையாது. முட்டி வலி மட்டும் நிச்சயம்.

சில டப்பாக்களில் 'டிராக்கபிள்' இருக்கும். நம்பர் பொறித்த ஒரு சின்ன உலோக வில்லை. அதோடு பொம்மையோ, சாவிக்கொத்தோ, எதையாவது கோத்திருப்பார்கள். அனுப்பியவர் அதற்கு ஓர் ஆசையும் எழுதி வைத்திருப்பார். 'எனக்குக் கடலைக் காட்டு', 'என்னைப் பனியில் நிறுத்தி போட்டோ எடு' என்று. எடுப்பவர் அதை அந்தத் திசையில் கொண்டுபோய் அடுத்த டப்பாவில் போட்டு, இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அனுப்பியவர் வீட்டில் உட்கார்ந்தபடியே தன் வில்லை எந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த விளையாட்டில் பெரிய பாவம் என்று ஒன்றுதான் உண்டு. அடுத்தவர் வில்லையை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்வது.

நான் ஒன்பது வருஷம் வைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ரயில்வேயில் வேலை. சித்தூரிலிருந்து பாகாலா ஜங்ஷனுக்குத் தினமும் போய் வந்தவன். ஸ்டேஷனுக்கு வெளியே, ஒரு வேப்பமரத்தடிக் கல் இடுக்கில் என் டப்பா. எதிரில் டீக்கடை வைத்திருந்தவர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"இன்னா சார், தெனமும் அந்தக் கல்லைப் பொரட்டிப் பாத்துக்கினே கீற? பொதையலா?"

"ஆமா, இன்னும் கெடைக்கல" என்றேன். ரொம்ப நாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதையல் இல்லை என்றும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்துப் பையன்கள் தெருவுக்கு இரண்டு பேர் கம்ப்யூட்டர் படித்து, ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் பறந்த காலம் அது. விடுமுறைக்கு வந்தால் திருமலையில் மொட்டை போடாமல் திரும்ப மாட்டார்கள். அவர்களில் என்னைப் போன்ற பைத்தியங்களும் சிலர் இருந்தார்கள். திருப்பதிக்கு ரயிலேறுகிற வழியில் பாகாலாவில் இறங்கி, என் டப்பாவில் ஒரு வில்லையைப் போட்டுவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். டல்லாஸ், சிங்கப்பூர், துபாய் என்று எங்கெங்கோ சுற்றியவையெல்லாம் அந்த வேப்பமரத்தடியில் வண்டி மாறிப் போயின. எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி மாளாது.

அப்படி வந்ததுதான் அந்தப் பாபின். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மர பாபின், அதில் சிவப்பு நூல், நுனியில் வில்லை. அனுப்பியவர் பெயர் கோபி. டல்லாஸில் இருக்கிறார், சொந்த ஊர் நகரி, தறி ஓட்டுகிற குடும்பம். அவர் எழுதியிருந்த ஆசை இது: 'எனக்கு விசா கிடைத்தால் என்னை அலிபிரி அடிவாரத்திலிருந்து நடந்தே திருமலை ஏற வைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டார். விசா வந்த ஐந்தாம் நாள் விமானம். ஏறவில்லை. அதற்குப் பிறகும் ஏறவில்லை. எங்கள் வீட்டுத் தறியின் இந்தப் பாபினையாவது யாராவது படி ஏற்றுங்கள். அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.'

பாபின் ஏறினால் பையன் வேண்டுதல் தீருமா என்று என்னைக் கேட்காதீர்கள். அது அந்த அம்மாவுக்கும் ஏழுமலையானுக்கும் இருக்கிற விவகாரம். நான் கண்டது, முன்பின் தெரியாத பதினேழு பேர் அதை நாலு வருஷம் கைமாற்றிக் கைமாற்றி அங்கிருந்து பாகாலா வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள் என்பதுதான். மிச்சம் இருந்தது ஒரு பாசஞ்சர் ரயிலும் மூவாயிரத்துச் சொச்சம் படியும்.

'இது என் வேலை' என்று முடிவு செய்தேன். எடுத்ததை இணையத்தில் பதிவு செய்யவில்லை. மலை ஏறிவிட்டு, போட்டோவோடு ஒரேயடியாகப் போட்டு அசத்தலாம் என்று எண்ணம். அந்த வாரம் ஜுரம் வந்தது. அப்புறம் டியூட்டி. அப்புறம் மகள் கல்யாணம். அப்புறம் முட்டி. சாக்குக்கா பஞ்சம்?

அடுத்த மே மாதம் பெங்களூர்க்காரர் ஒருவர் என் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, 'பாபின் இங்கே இல்லையே' என்று இணையத்தில் எழுதிவிட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஒரு வரிதான். கர்வம் விடவில்லை. அன்றைக்கே பதில் போட்டேன்: 'நீங்கள் பார்த்தது புது டப்பா. பழைய டப்பா போன வாரத்து வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது. பாபினும் போய்விட்டது. மன்னிக்கவும்.'

கோபி கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு புரட்டாசிக்கும் ஒரு மெயில் வரும். 'சார், பாபின் எங்கயாவது கண்ல பட்டுதா?' 'இல்லை தம்பி' என்று நானும் வருஷம் தவறாமல் பதில் போட்டேன். எட்டு புரட்டாசி, எட்டு பொய்.

இப்போது ரிட்டயர் ஆகியாயிற்று. டாக்டர் குனியாதே என்கிறார். குனியாமல் ஜியோகேச்சிங் எப்படி ஆடுவது? விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். நான் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்த என் சொந்த வில்லைகளை வசந்தியிடம் ஒப்படைப்பதாகப் பேச்சு. வசந்திக்கு நாற்பது வயது இருக்கும். நகரிக்காரி, திருப்பதியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. இந்தப் பக்கத்தில் மிச்சமிருக்கிற மூன்று பைத்தியங்களில் என்னைவிட முற்றிய பைத்தியம். நான் ஆறு மாதம் தேடியும் கிடைக்காத டப்பாவை அரை மணியில் எடுத்தவள். அவளிடம் போனால் சேகரிப்பு தூங்காது.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சரோஜாவின் பழைய தையல் பெட்டியில் அறை அறையாக அடுக்கி வைத்திருந்தேன். வெண்கலக் காசுகள், ஒட்டகம், ரப்பர் வாத்து. அவள் ஒவ்வொரு நம்பராகப் போனில் தட்டித் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டே வந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்து சரோஜா உள்ளே போனாள், வந்தாள்.

"இன்னாங்க, இத்த வுட்டுட்டீங்களே? ஊறுகா ஜாடிக்குப் பின்னாடி எத்தினி வருசமாக் குந்திக்கினு கீது... இதுவும் அந்தக் கூட்டம்தானே?"

வசந்தி கையில் வாங்கிப் பார்த்தாள். "அக்கா, இது எங்க ஊரு தறி பாபினாச்சே!" என்று சிரித்தாள். நம்பரைத் தட்டினாள். சிரிப்பு நின்றது. போனைப் பார்த்தாள், பாபினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சார்... இது வெள்ளத்துல போயிடுச்சுன்னு நீங்களே எழுதிக்கினு கீறீங்க?"

பொய் வாய் வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. 'மறுபடியும் கிடைத்தது' என்று சொன்னால் முடிந்தது. சரோஜா காபி டம்ளரோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருஷமாக என் பொய்களோடு குடித்தனம் நடத்துகிறவள். சொல்லிவிட்டேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

வசந்தி திட்டியிருந்தால் தேவலை. "அந்த அம்மா உசுரோட கீறாங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

தெரியாது என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் அதைக் கேட்கத் தோன்றவில்லையே!

"கோபிக்கு மெயில் போடுங்க. நீங்க போட்டாத்தான் நான் பொட்டியத் தூக்குவேன்" என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

போட்டேன். மறுநாளே பதில் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் எங்கள் ஊர்த் தமிழ்.

'சார், எனக்கு அன்னிக்கே தெரியும். நீங்க எழுதினது மே மாசம். மே மாசத்துல பாகாலால வெள்ளமா? நான் நகரில பொறந்தவன் சார். கத்திரி வெயில்ல ரெண்டு தூறல் போட்டா தெருவே வெளிய வந்து வேடிக்கை பாக்கும். நம்ம ஊர்க்காரரு உங்க வூட்லதான் பத்திரமா கீதுன்னு புரிஞ்சுக்கினேன். என்னாலதான் ஊருக்கு வந்து இருக்க முடியல, அதுவாவது இருக்கட்டுமேன்னு வுட்டுட்டேன். நீங்களே ஒருநாள் சொல்லுவீங்கன்னுதான் புரட்டாசிக்குப் புரட்டாசி கேட்டுக்கினு இருந்தேன். அம்மா நல்லா இருக்காங்க. இன்னும் "ஏறிடுச்சாடா?"ன்னு கேக்கறாங்க. ஏறினதும் அவங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க.' கீழே நகரி நம்பர்.

இரண்டு தடவை படித்தேன். கண் நிறைந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஊரை விட்டுப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆனவனுக்கு எங்கள் ஊர் மே மாதம் ஞாபகம் இருக்கிறது. இங்கேயே வெந்துகொண்டிருக்கிற நான் மறந்துவிட்டு எழுதியிருக்கிறேன். அந்த அம்மாவோ என் வீட்டிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேர தூரத்தில், இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

புதன்கிழமை வசந்தி லீவு போட்டாள். விடிந்ததும் அலிபிரியில் நின்றோம். சோதனை வாசலில் பாபினைப் புரட்டிப் பார்த்த காவலர் "ஏமிடி இதி?" என்று, இது என்னவென்று தெலுங்கில் கேட்டார். வசந்தி "மொக்கு அண்ணா" என்றாள். வேண்டுதல் என்றதும் அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பாபினைக் கண்ணில் ஒற்றித் திருப்பிக் கொடுத்தார். டிராக்கபிள் என்றால் என்ன என்று அரை மணி நேரம் விளக்கத் தயாராக வந்திருந்தேன்... ஒரு சொல்லில் முடிந்துவிட்டது.

"மொதல்ல நீங்க தூக்குங்க சார்" என்று வசந்தி பாபினை என் கையில் வைத்தாள்.

ஒன்பது படி ஏறினேன். வருஷத்துக்கு ஒன்று. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். ஒன்பதாவது படியில் பாபினைக் கொடுத்தேன். அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். நான் கீழே இறங்கி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன்.

வழியில் ஒரு போன். "சார், முழங்கால் முறிச்சான்கிட்ட கீறேன். உங்க முட்டிக்கும் சேத்து ரெண்டு படி மண்டி போட்டே ஏறிட்டேன்." அந்தச் செங்குத்துப் படிகளுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

அப்புறம் ஒரு மணி நேரம் கழித்து போட்டோ வந்தது. கடைசிப் படி, மஞ்சள் குங்குமம், அதன்மேல் சிவப்பு நூல் பாபின். இணையத்தில் அதன் பக்கத்தைத் திறந்தேன். என் வெள்ளத்துக்கு மேலே வசந்தியின் வரி: 'ஏறியாச்சு.'

நகரிக்குப் போன் போட்டேன். பின்னால் தறி ஓடுகிற சத்தம்.

"யாருப்பா?"

"சித்தூர்லேர்ந்து பேசறேம்மா. கோபி நம்பர் குடுத்தாரு. பாபின் மலை ஏறிடுச்சும்மா."

யாரையோ அதட்டித் தறியை நிறுத்தச் சொன்னார்.

"யாரு... மே மாசத்துல வெள்ளம் வுட்டாரே, அந்த சாரா?"

"ஆமாம்மா" என்றேன்.

சிரித்தார் பாருங்கள்! இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். சிரித்து முடித்து மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நல்லா இரு நைனா. எம்மாம் நாளாக் கேட்டுக்கினு இருந்தேன் தெரியுமா? ஏறிடுச்சு இல்ல, போதும். பையன் வரும்போது அவனையும் கையப் புடிச்சி ஏத்திடறேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். விடவில்லை.

"அதெல்லாம் இன்னாத்துக்கு? வெள்ளம் கிள்ளம் இல்லாத நாளாப் பாத்து வூட்டுக்கு வா, ஒரு வாய் சோறு துன்னுட்டுப் போ."

போகத்தான் போகிறேன்... மே மாதமாகப் பார்த்து!