மீண்டும் அனுப்ப வேண்டாம்

“பெத்த பொண்ணோட மெயிலையே திருப்பி அனுப்பிட்டாராமே உங்க தபால்காரரு?” வரவேற்பு மேசை அக்கா இதை என்னிடம் கேட்டு இரண்டு மாதம் இருக்கும். அவருக்குச் சொன்னது நாத்தனார். நாத்தனாருக்குச் சொன்னது யாரோ. நான் நம்பவில்லை. தபால்காரரிடம் கேட்கவும் இல்லை. ஊரிலிருந்து தொலைபேசி வந்தாலே எடுக்கத் தயங்குகிறவன் நான். பிறர் வீட்டுச் செய்தியில் கை வைக்க எங்கே துணிவது?

எங்கள் அலுவலகத்தின் மின்னஞ்சல் சர்வர் அவர் பொறுப்பு. அதனால்தான் தபால்காரர். மேசையில் ஒரு டம்ளர் வெந்நீர், இரண்டு மூக்குக்கண்ணாடிகள். இரண்டிலும் சரியாகத் தெரியாது என்பார், ஆனால் மாற்றமாட்டார். “மெயில் வரலண்ணே” என்று போய் நின்றால் நிமிரமாட்டார்.

“உடம்பு சரியில்லன்னா டாக்டருக்குப் புரிஞ்சிடுமா? யாரு, எப்ப, எங்கேர்ந்து? மூணும் சொல்லு.”

சொன்னதும் விரல்கள் ஓடும். அனுப்பியவரின் சர்வர் பெயருக்கு எண் முகவரி கிடைக்கிறதா, அந்த முகவரியில் கதவு திறக்கிறதா, திறந்தால் அந்தப் பக்கத்துச் சர்வர் வணக்கம் சொல்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பார். வணக்கம் வந்துவிட்டால், எதிரில் ஆள் நிற்பதுபோலத் தலையசைப்பார். “உசுரோட இருக்கான்.”

அவர் போட்ட விதி ஒன்று உண்டு. பெயரைக் கேட்டால் முகவரி வர வேண்டும். முகவரியைத் திருப்பிக் கேட்டால் அதே பெயர் வர வேண்டும். “பேரு ஒண்ணு, வீடு வேறன்னா திருட்டுப்பயதான். பாவம் பார்த்தா நம்ம பாயிலயே படுத்துக்குவான்.” அப்படித் திருப்பப்படுகிறவர்களுக்குப் போகும் வாசகமும் அவர் எழுதியதே: ‘உங்கள் கடிதம் இங்கே ஏற்கப்படாது. மீண்டும் அனுப்ப வேண்டாம்.’

அவருடைய மகள் வங்கி வேலையை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கியபோது வீட்டில் பெரும் சண்டை. “போன்ல கத்தாத. சொல்றத எழுதி அனுப்பு, படிக்கிறேன்” என்று போனை வைத்தவர்தான். அதற்குப் பின் ஒரு வருடம், மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம், “ஒரு வரி எழுதல பாரு. அழுத்தக்காரி, என்னை மாதிரியே” என்பார்.

போன செவ்வாய்க்கிழமை, எங்கிருந்தோ வர வேண்டிய வரைபடம் ஒன்று வரவில்லை என்று நான்தான் போய் நின்றேன். திருப்பப்பட்டவற்றின் பதிவேட்டைத் திறந்து மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே வந்தவரின் விரல் நின்றது. மகளின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல். தன் புகைப்படங்களுக்கான இணையதளத்தையும் அதோடு மெயிலையும் ஏதோ வாடகைச் சர்வருக்கு மாற்றியிருக்கிறாள். பெயருக்கு முகவரி சரியாக வந்தது. முகவரிக்குப் பெயர் கேட்டால் வாடகைக்கு விட்டவன் பெயர் வந்தது.

ஏழு கடிதங்கள். ஏழும் கதவிலேயே திரும்பியிருந்தன. கடைசிக் கடிதம் நான்கு மாதத்துக்கு முன்பு.

“என்ன எழுதியிருக்காண்ணே?”

“வாங்காத தபாலைப் பிரிச்சுப் பார்க்க முடியுமா? யாரு, எப்ப, எங்கேர்ந்து... அவ்வளவுதான் இருக்கு.” கண்ணாடியைக் கழற்றினார். “இங்க யாரு உக்காந்திருக்கான்னு அவளுக்குத் தெரியும்ப்பா. நானே சொன்ன மாதிரில்ல போயிருக்கு. ஏழு தடவை.”

அக்கா சொன்னதை அன்றைக்கே இவரிடம் கேட்டிருந்தால் இரண்டு மாதமாவது மிஞ்சியிருக்கும். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

மகளின் பெயரை அனுமதிப் பட்டியலில் சேர்க்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு தன் கைபேசியை எடுத்து அவள் எண்ணை அழுத்தினார். மணி போய், நின்றது. மறுபடி அழுத்தினார்.

“உங்க நம்பரைப் பார்த்துட்டு எடுக்கலையோ என்னவோ. ஆபீஸ் போன்ல அடிங்கண்ணே, எடுத்துடுவா.”

“வேணாம் தம்பி. யாரு கூப்பிடுறான்னு தெரிஞ்சே எடுக்கட்டும்.”

மணி போய்க்கொண்டே இருந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, மகள் வீட்டு வாசலில் நிற்பவர்போல நின்று, ஒரு கையாலேயே சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.