அத்தைக்குத் துணை

பாஸ்கெட்பாலில் அந்தக் காலத்தில் ஒரு விதி இருந்தது. ஆட்டம் நடக்கும்போது சீஃப் கோச் மட்டும்தான் எழுந்து நிற்கலாம், கத்தலாம். அசிஸ்டன்ட் கோச் பெஞ்சில் உட்கார்ந்தே இருக்கவேண்டும். இந்த விதியை எழுதிய மகானுபாவர் யாரென்று தெரிந்தால் இன்றைக்கும் அவரை நாலு கேள்வி கேட்பேன். ஏனென்றால் எங்கள் அத்தை உட்கார்ந்திருக்க, நின்று கத்திய அந்த சாருக்கு ஆட்டம் ஒரு மண்ணும் தெரியாது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. குனியாமல் நுழைந்தால் எங்கள் வீட்டு நிலையில் தலை இடித்துக்கொள்ளும் உயரம். மலையாளச் சீமையில் நாங்கள் குடியிருந்த ஸ்ரீவராகம் தெருவில் அவளுக்கு வரன் பார்த்தவர்களெல்லாம் ஜாதகத்துக்கு முன்னால் அந்த உயரத்தைத்தான் கேட்டார்கள். கல்லூரியில் படிக்கும்போது யுனிவர்சிட்டி டீமுக்கு ஆடினாள். இரண்டு பேர் மறித்து நின்றாலும் நடுவில் புகுந்து பந்தைக் கூடையில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி ஓடுவாளாம். கடைசி வருஷம் முழங்காலில் ஏதோ பிய்ந்துபோய் ஆட்டம் நின்றது. அவளை விட மனமில்லாமல் கல்லூரி அசிஸ்டன்ட் கோச்சாக வைத்துக்கொண்டது.

பெயர்தான் அசிஸ்டன்ட். அந்தப் பெண்களுக்கு ஓடவும் மறிக்கவும் குறிபார்க்கவும் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அவள்தான். சார் மேட்ச் அன்றைக்கு மட்டும் வெள்ளை பேன்ட் போட்டுக்கொண்டு வருவார். பந்து நம் பெண்களின் கையில் இருக்கும்போது "டிஃபென்ஸ்! டிஃபென்ஸ்!" என்று கத்துவார். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கோப்பை வாங்கும்போது மட்டும் சாரின் கை எல்லாருக்கும் முன்னால் நீளும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அங்கேயே இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் தெருவில், கல்யாணமாகாத பெண் பொழுது சாயும் நேரத்தில் தனியாக வெளியே போகக்கூடாது. போனால் துணைக்கு ஆள் வேண்டும். துணை எவ்வளவு பெரிய ஆளாக இருக்கவேண்டும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. எங்கள் வீட்டில் சும்மா இருந்த ஒரே ஆள், மூன்றாம் வகுப்பு படித்த நான். "குழந்தையை அழைச்சிண்டு போ, இல்லாட்டா போக வேண்டாம்" என்பது அப்பாவின் சட்டம்.

அப்படித்தான் தினமும் சாயங்காலம் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, கல்லூரி மைதானத்துக்கு நான் அத்தைக்குத் துணை போனேன். ரோடு தாண்டும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். பஸ்ஸில் தலை தொங்கினால் மடியில் சாய்த்துக்கொள்வாள். திரும்பும்போது பெரும்பாலும் நான் தூங்கிவிடுவேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும், அந்த முழங்காலோடு, தன் காவலாளியைத் தோளில் சுமந்துகொண்டு வருவாள். அப்பா வாசலில் நின்று எங்களைப் பார்த்து நிம்மதியாக உள்ளே போவார். இதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அப்போது எனக்கு அந்தப் பதவியில் ஏகப்பட்ட பெருமை. நான் இல்லாவிட்டால் அத்தை இல்லை, அத்தை இல்லாவிட்டால் டீம் இல்லை.

அந்த வருஷம் சார் ரிட்டயர் ஆனார். சீஃப் கோச் வேலைக்கு இன்டர்வியூ வைத்தார்கள். அத்தைக்குத்தான் கிடைக்கும் என்று டீம் பெண்கள் சத்தியமே செய்தார்கள். அவள் வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அம்மாவிடம் சமையலறையில், "கிடைச்சுதுன்னா மன்னி, நான் நின்னுண்டு மேட்ச் பார்ப்பேன்" என்று சொன்னதை நான் கேட்டேன். அவள் அப்படி ஆசைப்பட்டு ஒன்றைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இன்டர்வியூ நாலு மணிக்கு. "முடியறச்சே இருட்டிடும் கேட்டியா, குழந்தையை விட்டுட்டுப் போகாதே" என்றார் அப்பா. அத்தை, "அண்ணா, இன்னிக்கு ஒரு நாள்..." என்று ஆரம்பித்தாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் அதற்குள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டாயிற்று.

பிரின்சிபல் அறைக்கு வெளியே என்னை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அத்தை உள்ளே போனாள். கதவு திறந்தேதான் இருந்தது. கேள்விகள் கேட்டார்கள், அத்தை டக் டக்கென்று பதில் சொன்னாள். நடுவில், சஃபாரி சூட் போட்ட கமிட்டிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"மோள் ஆருடெ கூடெ வந்நதா?" என்று மலையாளத்தில் கேட்டார். யாரோடு வந்தாய் என்று.

என்ன கேள்வி இது! நானா கூட வந்தவள்? "நான் அத்தைக்குத் துணைக்கு வந்திருக்கேனாக்கும்" என்று நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"எல்லா திவசமும் வருமோ?"

"தினமும் வருவேன். நான் இல்லாம அத்தையை எங்கயும் விட மாட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். "மிடுக்கி!" என்றார் அவர். கெட்டிக்காரி என்று அர்த்தம். மேஜையிலிருந்த பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். நான் இரண்டு எடுத்துக்கொண்டு, அத்தைக்கும் பெருமையாக இருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு அவளிடம் யாரும் அதிகம் கேட்கவில்லை.

வேலை, வாலிபால் ஆடிய ஒரு ஆளுக்குப் போயிற்று. வாலிபால்! ஆபீசில் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து அப்பா அம்மாவிடம் சொன்னார். "பன்னெண்டு பொண்களை ரயிலேத்தி வடக்கே எல்லாம் கொண்டு போணுமே. துணையில்லாம ஆத்தை விட்டு எறங்காதவ எப்படிக் கொண்டு போவான்னு கமிட்டிக்காரா கேட்டாளாம். அவா சொல்றதும் நியாயந்தானே." இதை மோர்சாதம் பிசைந்துகொண்டே சொன்னார். அத்தை பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "நான் ரயில்லயும் வருவேனே! அவா ஏன் என்னைக் கேக்கல?" என்று தட்டைத் தள்ளிவிட்டு அழுதேன். அந்த சஃபாரி சூட்காரர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டெல்லி வரைக்கும்கூடத் துணைக்கு வருவேன் என்று அங்கேயே சொல்லியிருப்பேன். எவ்வளவு அநியாயம்!

அநியாயம் அதோடு நிற்கவுமில்லை. வாலிபால்காரருக்குப் பிறகு ஒருவர், அவருக்குப் பிறகு இன்னொருவர் என்று சீஃப் கோச்சுகள் வந்து நின்றார்கள். அவள் தயாரித்த டீம்கள் ஜெயித்தன. ஒவ்வொரு புது சாருக்கும் எந்தப் பெண் இடதுகைக்காரி, எவளுக்குத் தோள்வலி என்று சொல்லிக்கொடுத்தது அத்தைதான். கடைசிவரை அசிஸ்டன்ட்.

ஆனால் எனக்கு மறக்காதது அந்த மோர்சாதத்துக்கு மறுநாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, பால் குடித்து, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அத்தை ஷூ லேஸைக் கட்டி முடித்து, என்னைப் பார்க்காமல் படியிறங்கி நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். தெருமுனையில் நின்று திரும்பினாள்.

"நீ வேண்டாம். ஆத்துக்குப் போ."

"அப்பா திட்டுவா."

"திட்டட்டும்."

அவள் முகத்தில் கோபமில்லை. என் தலையை ஒருமுறை தொட்டுவிட்டு ரோட்டைத் தாண்டினாள். என் கையைப் பிடிக்காமல் அவள் ரோடு தாண்டியதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவளுக்காக நேற்று எவ்வளவு அழுதிருக்கிறேன், என்னையே விட்டுவிட்டுப் போகிறாளே!

திரும்பி ஓடிவந்தேன். ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்து சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார் அப்பா. வழியில் இருந்த வீடுகளிலெல்லாம் ஆட்கள் வெளியே வந்து பார்க்கும்படி கத்தினேன்.

"அப்பா, அத்தை தனியாப் போறா! துணையில்லாமப் போறா! போய்ப் பிடிச்சிண்டு வாங்கோ!"