மாட்டு வால்வுக்குப் பதினான்கு வயது

துஷாந்தினிக்குப் பொறாமை இருந்தது. அதை மூடி மறைத்து எழுத எனக்குத் தெரியாது. அவளும் என்னிடம் மறைக்கவில்லை.

லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் அவளும் ஷிரோமியும் ஒரே லய வரிசையில் அடுத்தடுத்த காம்பரா, நடுவில் ஒரு சுவர்தான். இருவருக்கும் சின்ன வயதுக் காய்ச்சலில் இருதய வால்வு கெட்டு, 2011இல் ஒரே மாதத்தில் கொழும்பில் ஆபரேஷன். பிள்ளை ஆசை இருந்தால் மாட்டுச் சவ்வில் செய்த வால்வு நல்லது, ஆனால் இளவயதில் வைத்தால் பத்துப் பதினைந்து வருடத்தில் கெட்டுவிடும், மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும் என்றார் டாக்டர். உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும்; இரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை போடவேண்டும்.

சர்ச்சுக்குப் போகும் வேதக்காரியான ஷிரோமி மாட்டு வால்வுக்குத் தலையாட்டினாள்.

"மாட்ட நெஞ்சுக்குள்ள வச்சிக்கிட்டு மாரியம்மனுக்கு எப்படிங்க பால்குடம் தூக்குவேன்?" என்று துஷாந்தினி உலோகத்துக்குப் போனாள். குடத்துப் பால் எதனுடையது என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு பட்டாள். தினமும் மாத்திரை, மாதாமாதம் பதுளைக்கு பஸ் ஏறி இரத்தப் பரிசோதனை. கீரையைக்கூட அளந்துதான் தின்னவேண்டும். அந்த மாத்திரையோடு பிள்ளை பெறுவது ஆபத்து என்றதும் புருஷன் வீரய்யா பயந்து அந்தப் பேச்சையே விட்டுவிட்டான். ஷிரோமிக்கோ மூன்றாம் வருடம் ஜெசீகா பிறந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை சிரித்தால் இவளுக்கு வயிறு எரியும். "இவ வால்வும் ஒருநா கெடத்தானே போவுது" என்று நினைத்துக்கொள்வாளாம். நினைத்ததோடு விடாமல் வருடத்தையும் எண்ணினாள்.

அதனால் அது முதலில் அவள் கண்ணில்தான் பட்டது. இந்தப் பொங்கல் கழிந்த கிழமை, கொழுந்து மூட்டையோடு மேடேறிய ஷிரோமி பாதியில் உட்கார்ந்தாள். மாசியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். துஷாந்தினிக்கு அர்த்தம் தெரியும். ஆபரேஷனுக்கு முன் அவளும் அப்படி உட்கார்ந்தவள்தான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

"சந்தோஷமா இருந்துச்சுங்க," என்றாள் என்னிடம், தலையைக் குனிந்துகொண்டு.

சித்திரையில் ஒரு காலை ஜெசீகா ஓடி வந்தாள். "பெரியம்மா, அம்மாவால பேச முடியல!" கால் இரண்டும் வீங்கிக் கிடந்த ஷிரோமியை துஷாந்தினிதான் ஓட்டோவில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனாள்.

"எவ்வளவு நாளா மூச்சு வாங்குது?" டாக்டர் கேட்டார்.

"ஒரு பத்து நாளா," என்று திணறினாள் ஷிரோமி.

தப்பாகச் சொன்னால் வைத்தியமும் தப்பாகிவிடுமோ என்று துஷாந்தினி முன்னால் வந்தாள்.

"இல்லங்க டாக்டர். பொங்கல்ல இருந்து. மூணு மாசம்."

டாக்டருக்குக் கோபம் வந்தது. "அப்பவே வந்திருந்தா ரெண்டாவது ஆபரேஷன் இவ்வளவு ஆபத்தில்ல. இப்ப கொழும்புக்கு அனுப்புறேன். உறுதியா ஒன்னும் சொல்ல முடியாது."

ஷிரோமி படுக்கையிலிருந்து துஷாந்தினியையே பார்த்தாள்.

"பாத்துக்கிட்டே இருந்தியாடி?"

ஜெசீகா ஒன்றும் விளங்காமல் பெரியம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றாள் துஷாந்தினி.