மச்சான் பூட்டிய கம்பிக் காப்பு

"நீங்க என்ன குடி?"

காப்பு வாங்க வந்து, கடைக்கு முன்னால் குந்தி, கையை நீட்டிய எந்தப் பெண்ணிடமும் மச்சான் கேட்ட முதற் கேள்வி இதுதான். காப்பு விற்பவன் கையின் அளவைப் பார்க்க வேண்டும். செம்பா பித்தளையா என்று கேட்க வேண்டும். இவர் குடியைக் கேட்பார். தாயின் குடிதான் பிள்ளைக்கும் என்பது எங்கள் மட்டக்களப்பு வழமை. ஒரு குடியில் பிறந்தவர்கள் எல்லாரும் உடன்பிறந்தவர்கள் மாதிரி. அவர்களுக்குள் கலியாணம் கிடையாது. ஆகவே ஒருத்தி தன் குடியைச் சொல்லிவிட்டால், அவள் நமக்கு அக்காளா, மாமியா, மகளா, மச்சாளா என்று முறை பார்த்துவிடலாம். முறை பார்ப்பதில் மச்சானை வெல்ல வாவியின் இரண்டு கரையிலும் ஆள் இருக்கவில்லை.

முறை தெரிந்ததும் வியாபாரம் படுத்துவிடும். அக்காள் முறையென்றால் அக்காளிடம் விலை பேசுவது அழகா என்பார். மகள் முறையென்றால் தகப்பன் கொடுக்காமல் வேறு யார் கொடுப்பது என்பார். காத்தான்குடியிலிருந்து வரும் முஸ்லிம் பெண்களுக்கும் குடி உண்டு, அவர்களிடமும் கேட்பார். அங்கேயும் எப்படியோ ஒரு தங்கச்சி அகப்பட்டுவிடுவாள். கல்லடியிலிருந்து மண்டூர் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் அவருக்கு உறவில்லாத பெண் கிடைக்கமாட்டாள் என்றால், நாங்கள் யாருக்குத்தான் காப்பு விற்பது? இதை நான் கேட்டால், "உனக்கு மனிசரத் தெரியாது, கம்பியத்தான் தெரியும்" என்பார்.

கம்பியைத் தெரிந்தவள் நான்தான், உண்மை. காப்புகளை முறுக்கியது நான். வேளாண்மை வெட்டி வயல்வட்டை வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில் அதுதான் எங்கள் வீட்டுப் பிழைப்பு. கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சிச் சாம்பலில் ஆறவிட வேண்டும். ஆறினால் மெதுவாகிவிடும். பிறகு செம்பில் ஓர் இழையும் பித்தளையில் ஓர் இழையுமாகச் சேர்த்து, ஒரு நுனியை மரக்கட்டையில் இறுக்கிவிட்டு மறு நுனியைக் குறட்டால் பிடித்து முறுக்கிக்கொண்டே போக வேண்டும். முறுக்கு ஓர் இடத்தில் தளர்ந்தாலும் காப்பு கோணிவிடும். என் விரல்களில் தோல் உரியாத வைகாசி எனக்கு நினைவில் இல்லை. அப்படி முறுக்கிய காப்பை, "என்ர தங்கச்சிக்கு" என்று இவர் எடுத்துக் கொடுக்கும்போது எனக்கு எப்படி இருக்கும்? கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் முடியாது. அவர் என் மாமாவின் மகன். வருகிற ஆனியில் எனக்கும் அவருக்கும் கலியாணம் என்று வீட்டில் பேசி முடித்து, பந்தல் போடக் கமுகு மரம்கூடப் பார்த்துவைத்திருந்தார்கள்.

எங்கள் கம்பிக் காப்பில் ஒரு விசேஷம் இருந்தது. அதை வளையமாக மூடிவைத்து விற்க மாட்டோம். வாயைத் திறந்தபடியே கொண்டுபோவோம். வாங்குபவளின் மணிக்கட்டில் வைத்து, இரண்டு நுனியையும் ஒன்றன்மேல் ஒன்று சுற்றிக் குறட்டால் நெரித்துவிட்டால் அது கையோடு ஒட்டி நிற்கும். அதைப் பூட்டுவது என்போம். பூட்டிய காப்பைக் கழற்ற முடியாது, வெட்டத்தான் வேண்டும். ஆகையால் பெண்களின் கையில் பெண்தான் பூட்ட வேண்டும், நானோ அம்மாவோ. அக்காள் தங்கை முறையானவர்களுக்கும் மகள் முறையானவர்களுக்கும் மட்டும் மச்சான் பூட்டலாம். மச்சாள் முறைப் பெண்ணென்றால் அவர் குறட்டைத் தொடவே கூடாது. கட்டிக்கொள்ளக்கூடிய முறையுள்ள ஒருவன் ஒரு குமர்ப்பெண்ணின் கையைப் பிடித்துக் காப்புப் பூட்டினால் ஊர் அதற்கு என்ன அர்த்தம் சொல்லும் என்று சொல்லவா வேண்டும்? அந்த ஒரு காரணத்துக்காகவாவது அவர் குடி கேட்பது நல்லதுதான் என்று அம்மா சொல்லுவா. நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்த வருடம் படுவான்கரையில் ஓர் அம்மன் கோயில் சடங்குக்குப் போயிருந்தோம். வாவியைத் தோணியில் கடந்து, கோயில் வெளியில் ஆலமரத்துக்குக் கிட்ட கிடுகுப் பந்தல் போட்டு, பன்பாயில் காப்புகளையும் பாசிமணி மாலைகளையும் பரப்பினோம். கச்சான் கடலை விற்பவர்கள், சர்பத் விற்பவர்கள், மண்பானைக்காரர்கள் என்று இரு புறமும் ஒரே சத்தம். சடங்கின் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு குடியார் எடுத்துச் செய்வார்கள். அன்று மச்சானுடைய குடியாரின் நாள். வெளி முழுக்க அவருக்கு அக்காள் தங்கைமார். கடையில் இன்றைக்கு ஒன்றும் மிஞ்சாது, கையிலும் ஒன்றும் மிஞ்சாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அம்மா கோயிலுக்குள் கும்பிடப் போனா.

நான் தண்ணீரோடு திரும்பி வந்தபோது ஒரு பெண் பாயிலிருந்து எழுந்துகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். அழகி என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். இடுப்பில் மடைப்பெட்டி, அதில் அம்மனுக்கு வைக்கும் வெற்றிலையும் பழமும் கமுகம்பூவும். வலது கையில் என் காப்பு. அந்த முறை நான் முறுக்கியவற்றில் ஆக நேர்த்தியானது அதுதான். அவள் போன திசையை மச்சான் குறட்டைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர் அந்தப் புள்ள?" என்று கேட்டேன்.

"தங்கச்சிதான்."

"குடி கேட்டீங்களா?"

"என்னத்துக்குக் கேக்க? இண்டைக்கு நம்மட குடிச் சடங்கு. மடைப்பெட்டியோட வந்த புள்ள வேற ஆராம்?"

மடைப்பெட்டி எடுத்த பெண்களெல்லாம் தாயோடுதான் வந்திருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? தகப்பனுடைய குடிச் சடங்குக்குத் தகப்பனுக்கு உதவியாக வந்திருக்கலாமே! அப்படியானால் அவள் தாயின் குடி வேறு. மச்சானின் குடியில் பிறந்தவர் அவள் தகப்பன் என்றால் அவர் மச்சானின் தாய்க்கு அண்ணன் தம்பி மாதிரி, மச்சானுக்கு மாமன் முறை. மாமன் மகள் யார்? சாட்சாத் மச்சாள், என்னைப் போலவே. இதை எங்கள் பக்கத்தில் பால் குடிக்கும் பிள்ளை சொல்லும். பல் விழுந்த கிழவியிடமும் காத்தான்குடிப் பெண்களிடமும் குடி கேட்ட மனிதர், கேட்க வேண்டிய ஒரே ஒருத்தியிடம் கேட்காமல் விட்டிருந்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பயந்தபடியே நடந்தது. அம்மா கோயிலிலிருந்து திரும்பிக் கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவளுடைய தாய்மாமன் வந்தார். பின்னால் ஒரு கூட்டம்.

"இந்தப் புள்ளட கையில காப்புப் பூட்டினது ஆர்?"

"நான்தான்" என்றார் மச்சான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தங்கச்சி முறை எண்டுதான் பூட்டின நான். அவட தகப்பன் எங்கட குடியாம் எண்டு இப்பதான் இஞ்ச சொல்றாங்க. அப்ப மச்சாள் முறை வருது, என்ன?" என்று கூட்டத்துக்கே முறையை விளக்கிக் கொடுத்தார். தெரியாதவர்களும் தெரிந்துகொண்டார்கள்.

"இந்தப் புள்ளைக்குக் கரடியனாத்தில மாப்பிள பேசிக்கிட்டிருக்கம். கோயில் வாசல்ல ஒருத்தன் கையப் புடிச்சிக் காப்புப் பூட்டினான் எண்டு நாளைக்கு அங்க கதை போகும். மறுகா அவங்க வருவாங்களா? ஒண்டில் நீ இவளக் கலியாணம் முடி. இல்லாட்டி ஊருக்கு முன்னால மறுமொழி சொல்லு."

அம்மா என் தோளைப் பிடித்தா. மச்சான் கோயில் வாசலில் வைத்து ஓம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் எனக்கு ஆனி இல்லை. பேசிவைத்த கலியாணம் நின்றுபோன பெண்ணை அதன்பிறகு யார் கேட்டு வருவார்கள்?

"வெட்டிவிடுறம்" என்றா அம்மா.

"கன்னிப்புள்ளட கைக் காப்பக் கோயில் வாசல்ல வெட்டுறதா? புருசன் செத்த அறுதலிக்கல்லவா காப்பு வெட்டுவாங்க!" என்று கூட்டத்திலிருந்து ஒரு கிழவி கத்தினா. அதுவும் சரிதான். போட்டதை வைத்திருக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது என்று எல்லாரும் நின்றார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்து காப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மச்சான் என்ன செய்தார் தெரியுமா? கண் சிவந்து நின்ற அந்தத் தாய்மாமனைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு, "நீங்க என்ன குடி?" என்று கேட்டார்.

அந்தக் குறட்டாலேயே அவர் வாயைப் பூட்டிவிடலாம் என்று எனக்கு வந்தது. தாய்மாமன் அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் குடி கேட்டால் சொல்லாமல் இருப்பது எங்கள் ஆட்களுக்கு முடியாத காரியம். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அது எங்கள் குடி. என்னுடையதும் அம்மாவுடையதும்.

தாய்மாமனின் குடிதானே அவர் சகோதரியின் மகளுக்கும். அப்படியானால் அவள் எனக்குத் தங்கச்சி. நான் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. மச்சானின் கையிலிருந்த குறட்டைப் பிடுங்கினேன். பாயிலிருந்து இன்னொரு காப்பை எடுத்து, அந்தப் பெண்ணின் இடது கையைப் பிடித்தேன்.

"மாமா, நானும் உங்கட குடிதான். இவள் எனக்குத் தங்கச்சி. ஆனியில எனக்கும் இவருக்கும் கலியாணம். அக்காளும் அத்தானும் ஆளுக்கொரு கையில காப்புப் பூட்டினம். இதில என்ன பிழை?"

குமர்ப்பெண் ஒருத்தி தன் கலியாணத்தைத் தானே சந்தைவெளியில் கூவிச் சொன்னதை அந்தக் கரை அதற்கு முன் கேட்டிருக்காது. எனக்குக் காது இரண்டும் சுட்டது. ஆனால் குறட்டை விடவில்லை. நுனியைச் சுற்றி, நெரித்து, பூட்டி முடித்தேன். "அக்காளும் அத்தானும் போட்டதெண்டா ஆர் என்ன சொல்ற?" என்று முதலில் கத்திய கிழவியே சொன்னா. தாய்மாமனின் தோள் இறங்கியது. அம்மா அவருக்கு வெற்றிலைத் தட்டத்தை நீட்டினா. அந்தப் பெண் மட்டும் அழுதாள். பயந்துபோய்விட்டாள் பாவம் என்று நினைத்தேன்.

அவள் கரடியனாற்றுக்கே வாழ்க்கைப்பட்டுப் போனாள் என்று பின்னர் கேள்விப்பட்டோம். எங்கள் கலியாணமும் சொன்னபடி ஆனியில் நடந்தது. அதன்பிறகும் நாங்கள் திருவிழாக்களுக்குக் காப்புக் கொண்டுபோனோம். யுத்த காலத்தில் செம்புக் கம்பி கிடைக்காமல் போனபோது பாசிமணி மாலை மட்டும் கொண்டுபோனோம். மச்சான் திருந்தவில்லை. வெயிலென்றும் மழையென்றும் பாராமல் வாய் ஓயாது. விலை பேசும்போது பேசுவார், பொருளைக் கட்டும்போது பேசுவார், தோணியில் திரும்பி வரும்போது தோணிக்காரனோடு பேசுவார், வீட்டுக்கு வந்து நான் மீன் அரியும்போது என்னோடு பேசுவார். "கொஞ்சம் வாய மூடுங்க மச்சான்" என்று நான் சொன்னதை எழுதி அடுக்கியிருந்தால் ஒரு பரண் நிறைந்திருக்கும். ஆனாலும் பிள்ளைகளுக்குக் குறை வைக்காத மனிதர், என்மேல் ஒரு நாளும் கை நீட்டாத மனிதர். அதையும் சொல்ல வேண்டும்.

படுவான்கரைக் கதையை ஊரில் இன்றும் சொல்கிறார்கள். என் கெட்டித்தனத்துக்கு அத்தாட்சியாகச் சொல்கிறார்கள். மச்சானின் செத்தவீட்டுக்கு வந்தவர்கள்கூடப் பிரேதம் எடுக்கும் முன்னே அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய?

அவர் போவதற்குச் சில வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம். பிள்ளைகள் எல்லாரும் கலியாணம் முடித்துப் போய்விட்டார்கள். சாப்பிட்ட கை காயாமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவர் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களின் குடியை விசாரித்து, அவர்கள் நமக்கு என்ன முறை என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். எரிச்சலில்தான் கேட்டேன்.

"இவ்வளவு கேக்கிறீங்களே, அண்டைக்கு அந்தப் புள்ளயிட்ட மட்டும் ஏன் கேக்கல்ல?"

எந்தப் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை.

"கேட்டா மச்சாள் முறை எண்டு தெரிஞ்சிடும் எண்டு பயமா இருந்திச்சி" என்றார். "தெரிஞ்சா நான் பூட்ட ஏலாதே."

கறிச்சட்டியில் ஈ மொய்த்தது. மூடினேன். மூடி சரியாக உட்காரவில்லை. தூக்கித் திரும்ப மூடினேன்.

"அப்ப நான் அந்த மற்றக் கைக் காப்பப் பூட்டினது உங்களக் காப்பாத்தவா மச்சான், கெடுக்கவா?"

கெடுக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். காப்பாற்றத்தான் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். முன்பின் தெரியாத பெண்களுக்கெல்லாம் ஆறுதலாகப் பத்து வார்த்தை சொல்லத் தெரிந்த வாய்தானே அது! நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் ஆயுள் முழுக்கக் கேட்டதை அவர் அன்றைக்குச் செய்தார். வாயை மூடிக்கொண்டு இருந்தார்.