அகல்யாவின் ஐந்து படிகள்

ராம்பிரசாத்துக்குப் பொறாமை வந்தது பக்கத்து ஃப்ளாட்காரர் மேலோ மேனேஜர் மேலோ அல்ல, கட்டிய மனைவி மேல். வெளியே சொல்லி ஆறுதல் தேடவும் வழியில்லை. வாகட் ஏரியாவில் ஒரே வீடு, சிஞ்ச்வட்டில் ஒரே கம்பெனி, போக வர ஒரே ஸ்கூட்டர். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர்கள் செய்கிற கம்பெனி அது.

அவர் வடிவமைத்தது மூன்று படி இன்வெர்ட்டர். மின்னழுத்தத்தை மூன்று மட்டங்களாக வெட்டி அடுக்கி, மோட்டாருக்கு வேண்டிய அலையை உண்டாக்கும். பல வருஷமாகக் கம்பெனிக்குச் சோறு போட்டது அதுதான். இப்போது அகல்யா ஐந்து படியில் ஒன்றைச் செய்துவிட்டாள். படி கூடினால் அலை வழவழப்பாகும், மோட்டாரின் இரைச்சலும் குறையும். புதிய பம்ப் நிலையத்துக்கு எதை அனுப்புவது என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் அவள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். அவளுக்கு அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பைப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அது உண்மையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் பாஜி மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போனதும் அவளுடைய லேப்டாப்பைத் திறந்து, இன்வெர்ட்டரைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனை எடுத்தார். குறை கண்டுபிடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தார், கண்டும் பிடித்தார். ஐந்து படியின் நடுவிலுள்ள கெபாசிட்டர் அதிகம் நிரம்பவும் கூடாது, வடியவும் கூடாது. மின்னோட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அவளுடைய புரோகிராம் அதைச் சமன் செய்யும். மோட்டார் இழுக்க லோடு எதுவும் இல்லாமல் மெதுவாக ஓட்டினாலோ மின்னோட்டம் இளைத்துப்போய்த் திசை பிடிபடாது. கணக்குத் தப்பி, கெபாசிட்டர் எகிறி, இன்வெர்ட்டர் டிரிப் ஆகி நின்றுவிடும்.

அவள் திரும்பி வந்து கொத்தமல்லி ஆய்ந்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை வாடிக்கையாளர்கள் வந்தார்கள். லோடோடு மோட்டார் அழகாக ஓடியது. அவர்கள் கிளம்பும் நேரத்தில், ரொம்ப அக்கறை உள்ளவர் மாதிரி ராம்பிரசாத் ஹிந்தியில் கேட்டார்:

"லோடை எடுத்துட்டு, மெதுவா ஒரு தடவை ஓட்டிக் காட்டலாமே?"

அகல்யா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு லோடை எடுத்துவிட்டு ஓட்டினாள். மோட்டார் பாட்டுக்குச் சுற்றியது, இன்வெர்ட்டர் நிற்கவே இல்லை. வந்தவர்களில் மூத்தவர் "மஸ்த்", பிரமாதம் என்று தலையாட்டி, இதையே அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். போகும்போது, இப்படி ஒரு சோதனையைக் கேட்டதற்காக ராம்பிரசாத்தின் கையையும் குலுக்கினார்.

மாலையில் சிக்னலில் வண்டி நின்றபோது பின்சீட்டிலிருந்து அகல்யா பேசினாள்.

"ஏனுங்க, ஞாயித்துக்கிழமை என் சிமுலேஷன்ல லோடைப் பூஜ்யமாக்கி ஓட்டிப் பாத்துட்டு, பழையபடி மாத்தாமயே மூடிட்டீங்க. அன்னைக்கே பாத்துட்டனுங்க. சரியும் பண்ணிட்டேன்."

அவருக்கு ஹெல்மெட்டுக்குள் முகம் எரிந்தது. "அப்பவே எங்கிட்டக் கேட்டிருக்கலாமே?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க," என்றாள் அகல்யா. "இன்னைக்குக் காலைல இதே வண்டில வரும்போது கூட."